கண்டதைச் சொன்ன பிறகு

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் கிணற்றுக்குள் கிடந்தபோது மதியம் ஒரு மணி இருக்கும். கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவளுடைய கணவன் சத்தம் போட்டுச் சனத்தைக் கூப்பிட்டான். நான் போகவில்லை. உடுப்புக் காயப்போட வெளியே வந்த நான், தென்னோலைக் கிடுகு வேலியின் பிரிசலுக்குள்ளால் அவன் அவளுடைய தலையைக் கிணற்றுக் கட்டுச் சுவரில் இடித்ததையும் தூக்கி உள்ளே போட்டதையும் பார்த்திருந்தேன். கத்த வாய் வரவில்லை. ஈரச் சேலையைப் பிடித்தபடி நின்றேன்.

கனகராயன்குளத்துக்குக் கிழக்கே, குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற ஊர் எங்களுடையது. ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே அரசாங்கக் காணி பெற்றவர்களின் பிள்ளைகள். அவனுடைய குடும்பம் அதில் பெரியது. அவளோ மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகள். தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. தையல் வேலை செய்துகொண்டு தனியே இருந்த எனக்கு, பின்னேரங்களில் வேலியடியில் நின்று கதைக்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மரண விசாரணை அதிகாரி வந்து எல்லோரையும் முற்றத்தில் வைத்துக் கேட்டார். சனத்துக்கு நடுவே நானும் "தெரியாது" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அவளைப் புதைத்த அன்று, அவன் தலையில் கைவைத்து அழுதான். அதைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன்.

பிரேதப் பரிசோதனை செய்த வைத்தியரும் தலைக்காயத்தை எழுதியிருந்தார். அவனைப் பிடித்தார்கள். ஊர் என்னைக் கைவிட்டது. யாரும் ஏசவில்லை, அதுதான் கஷ்டம். தைக்கத் தந்தவர்கள் துணியை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கோயில் பொங்கலுக்கு எனக்குச் சொல்லவில்லை. நான் கடைக்குள் கால் வைத்தால் கதை நின்றுவிடும். அவனுடைய தமக்கை மட்டும் ஒருநாள் என் வாசல் படலையடிக்கு வந்தாள்.

"எங்கட ஆளை உள்ளுக்குப் போட்டால் செத்தவள் எழும்பி வருவாளோ?"

"நான் கண்டதைத்தான் சொன்னனான், அக்கா."

"அவள் உனக்கு என்ன முறை?"

ஒரு முறையும் இல்லை.

வழக்கு ஆறு வருசம் இழுபட்டது. ஒவ்வொரு தவணைக்கும் வவுனியாவுக்குத் தனியே பஸ் ஏறினேன். சில நாட்களில் என்னைக் கூப்பிடாமலே வேறு திகதி போட்டு அனுப்பிவிடுவார்கள். கடைசியில் நான் சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவனுடைய சட்டத்தரணி மெல்லத்தான் கேட்டார்.

"நீங்கள் தனியத்தானே இருக்கிறியள்?"

"ஓம், ஐயா."

"இவரோட ஏதும் கோபமோ?"

"இல்லை. நல்லா உதவி செய்தவர். ஒரு மாரிக்கு என்ர வீட்டு ஓடு மாத்தித் தந்தவர்."

"அப்ப ஏன் இவருக்கு எதிராச் சொல்லுறியள்?"

"கண்டதால."

அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. அவனுடைய ஆட்கள் நீதிமன்ற வாசலில் ஒருவரையொருவர் பிடித்து அழுதார்கள். அவளுக்காக அழ அங்கே ஒருவரும் இல்லை. நான் அழுதிருக்கலாம், வரவில்லை.

திரும்பிவரும் பஸ்ஸில், எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு அம்மா வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தா. ஆறு வருசமாக என் முகம் பாராதவ. பஸ் புளியங்குளம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினா.

"அண்டைக்கு அவள் கத்தினது எனக்கும் கேட்டது, பிள்ளை," என்றா.

"எனக்குக் கேக்கேல்லையே."

"ரெண்டு தரம் கத்தினவள். உன்ர பேரைச் சொல்லித்தான்."

உடுப்புக் காயப்போட வெளியே வருவதற்கு முன், நான் வீட்டுக்குள் மெசினில் தைத்துக்கொண்டிருந்திருப்பேன். ஏன் இவ்வளவு நாளும் இதைச் சொல்லவில்லை என்று நான் அவவைக் கேட்கவில்லை. சந்தியில் இருவரும் இறங்கினோம். என்னோடு வருவதை ஊர் காணக்கூடாது என்பதுபோல, அவ முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் போனா. ஒழுங்கையில் அவ வீட்டுப் படலை சாத்தும் சத்தம் கேட்கும்வரை சந்தியிலேயே நின்றுவிட்டு நடந்தேன்.