மூக்குக்கு ஏற்ற தூரம்

அந்தத் தெருவில் அவளைப் படக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அவள் தன் கடைக்கு ஆசை ஆசையாக ஒரு பெயர் வைத்துப் பலகையில் எழுதி மாட்டியிருந்தாள். ஆனால் சனங்களின் வாயில் அது மூக்கு ஸ்டுடியோ. மூக்கும் முழியுமாக உள்ளே போகிறவர்கள் படத்தில் வெறும் மூக்காக வெளியே வருகிறார்கள் என்று யாரோ ஒரு வாயாடி கொளுத்திப்போட, பெயர் நிலைத்துவிட்டது.

தொழில் தெரியாதவள் இல்லை. இன்னொருவர் ஸ்டுடியோவில் வருடக்கணக்காக டச்சப் வேலை பார்த்தவள். மற்றவர்கள் எடுத்த முகங்களில் பருவையும் தழும்பையும் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், நாமே முகம் எடுத்தால் என்ன என்று கிளம்பினாள். கோளாறு அவள் பிடித்த அறையில் இருந்தது. முன்பாதியில் கணவரின் ஜெராக்ஸ் மெஷின், பின்பாதியில் ஸ்டுடியோ. ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். அதற்குப் பின்னால் பலகைத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல்கடை. இந்த இடத்துக்குள் ஆளை அடக்க, கேமராவோடு வந்த அகலமான லென்ஸைப் போட்டுக்கொண்டு, எதிராளியின் மூச்சு மேலே படுகிற அளவுக்குக் கிட்டப்போய் எடுத்தாள். அவ்வளவு கிட்டத்தில் கேமராவுக்கு முதல் மரியாதை மூக்குதான். காதெல்லாம் வெட்கப்பட்டுப் பின்னால் போய்விடும்.

கூட்டம் குறைந்துகொண்டே போய், இந்த மாதத்தோடு ஸ்டுடியோவை மூடிவிட்டு அவள் பழையபடி டச்சப் வேலைக்கே போவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கு அழுகையாக வந்தது. ஆனால் அழுதால் கணவர் மனம் மாறிவிடுவார், பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து மூழ்க வேண்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வந்தார். அங்கே வேலை பார்க்கும் நர்ஸ்கள் எல்லோருடைய படமும் புதுக் கட்டடத்தின் சுவரில் மாட்டப் போகிறார்களாம்.

"முதல்ல என்னை எடுங்க. நாளன்னைக்கு வர்றேன். நல்லா வந்தா எல்லாரையும் இங்கயே அனுப்பறேன். இல்லைன்னா மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படக்காரம்மா பார்த்தாள். அட்டையில் இருந்தது அவளே எடுத்த படம். மூக்கு வந்துவிட்டிருந்தது, முகம் இன்னும் வந்து சேரவில்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் கணவரை இழுத்துக்கொண்டு கேமரா கடைக்குப் போனாள். கடைக்காரர் இரண்டு லென்ஸை எடுத்து வைத்தார். "இது அம்பது எம்எம், இது எண்பத்தஞ்சு. முகம் மட்டும்தான் எடுப்பீங்கன்னா எண்பத்தஞ்சு மாதிரி வராதும்மா. ஆனா பின்னாடி போக இடம் வேணும். உங்க ஸ்டுடியோ எவ்வளவு நீளம்?"

"அதெல்லாம் தாராளமா இருக்கு" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. கடைக்காரரிடம் என்ன கௌரவமோ! கணவருக்குப் புரையேறியது.

கணவரை நிற்கவைத்து முதலில் அம்பதில் எடுத்தாள். மூக்கு கொஞ்சம் அடங்கியிருந்தது, ஆனாலும் முன்னால்தான் நின்றது. பிறகு எண்பத்தஞ்சை மாட்டிக்கொண்டு கடையின் மறுகோடிக்குப் போய் எடுத்தாள். கண், காது, மூக்கு எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன.

"இது நானா?" என்றார் கணவர்.

"நீங்கதான். இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?" என்றாள். உண்மையாகவே அவர் அழகாக இருந்தார். எண்பத்தஞ்சையே வாங்கினாள்.

திரும்பி வந்து ஸ்டுடியோவில் அவரை உட்காரவைத்துவிட்டு, தடுப்பில் முதுகு ஒட்ட நின்று பார்த்தாள். கேமராவுக்குள் அவர் தலை மேலே இடித்தது, தாடை கீழே இடித்தது. கழுத்தையே காணோம், தோளுக்கு எங்கே போவது? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தாராளமா இருக்குன்னியே" என்றார் கணவர். குத்திக்காட்டிய பிறகு அவருக்கே பாவமாகிவிட்டது. "சரி விடு. காலையில அம்பதா மாத்திக்கலாம். மாத்தித் தர்றேன்னுதானே கடைக்காரர் சொன்னாரு."

"மாத்தினா அதே மூக்குதாங்க. கொஞ்சம் சின்னதா வரும், அவ்வளவுதான்."

"அப்போ என்ன, சுவத்தை இடிக்கப் போறியா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "சுவர் எங்கங்க இருக்கு? வெறும் பலகை."

தையல்காரரிடம் போய், தடுப்பில் இரண்டு பலகையைக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். உங்கள் கடைக்குள் நின்றுகொண்டு என் கடையில் உட்கார்ந்திருப்பவரை எடுக்க வேண்டும் என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் வாயில் கவ்வியிருந்த குண்டூசி கீழே விழுந்தது.

"எடுத்துக்கம்மா. ஆனா மெஷினை நிறுத்த மாட்டேன். வாயையும் மூட மாட்டேன்."

அந்த வாயைப் பற்றித்தான் அவளுக்குப் பயம். வேறு வழி?

தலைமை நர்ஸ் சொன்னபடி வந்தார். உட்கார்ந்ததுமே தலையைப் பின்னுக்கு இழுத்து, உதட்டை இறுக்கிக்கொண்டார். கேமரா மூக்குக்கு நேரே வரும் என்று காத்திருந்தவர், படக்காரம்மா வெளியே போய்த் தையல்கடைக்குள் நின்று தடுப்பின் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பதைக் கண்டு முழித்தார். அவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். இந்த ஒரு படம் சரியாக வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

மெஷின் சத்தம் நின்றது. அவளுக்குப் பின்னாலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார். "அம்மா, உங்க இடது தோள்ல துணி தூக்குதே. எந்தப் புண்ணியவான் தெச்சது?"

"நீங்கதான்!" என்றார் நர்ஸ்.

தையல்காரர் வாயடைத்துப் போனார். அப்படி ஒரு காட்சியை அந்தத் தெரு பார்த்ததில்லை. ஜெராக்ஸ் பக்கமிருந்து கணவர் வெடித்துச் சிரிக்க, நர்ஸும் தன்னை மறந்து சிரித்தார். படக்காரம்மா விடாமல் எடுத்துத் தள்ளினாள்.

பிறகு கேமராவைக் கொண்டுவந்து காட்டினாள். நர்ஸ் அட்டையை ஒரு தடவை, படத்தை ஒரு தடவை பார்த்தார்.

"இந்த அட்டைப் படத்தைப் பார்த்ததிலிருந்து நான் யாருக்கும் முகம் காட்டி நின்னதில்ல. எங்க எடுத்தாலும், 'கொடுங்க, நான் எடுக்கறேன்'னு கேமராவை வாங்கிக்குவேன். என் பொண்ணு பட்டம் வாங்கின அன்னைக்கும் நான்தான் எடுத்தேன். அவகூட நான் நிக்கற படம் ஒண்ணுகூட இல்ல." மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என் முகமே அப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

படக்காரம்மா கேமராவைக் கீழே வைத்தாள். "உங்க முகத்துல ஒரு குறையும் இல்லீங்க. நான்தான் ரொம்பக் கிட்ட நின்னுட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. நர்ஸ் எழுந்து தோள்துணியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாளையிலிருந்து எங்க நர்ஸ் பிள்ளைங்கள ஒவ்வொருத்தரா அனுப்பறேன். இன்னைக்குச் சாயங்காலம் மட்டும் வேற யாரையும் வரச் சொல்லாதீங்க. என் பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன்."