முதுகுத் துளைகள்

சிறிய கண்டென்சர் மைக்கைக் கையால் செய்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அது எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பதை. நான் யோசிக்கவே இல்லை. சாலைக் கடைத்தெருவில் அப்பாவின் இரும்புக் கடைக்கு மேலேயே எங்கள் வீடு. கீழே நாள் முழுக்கக் கம்பி இறக்குவார்கள். மைக்கின் காது கேப்சூல்தான்; முன்னால் இருப்பதை மட்டும் கேட்பதாக வேண்டும் என்று, சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றை வரவழைத்தேன். உறைக்குக் கடையிலிருந்தே ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு.

அக்கா கேப்சூலைத் திருப்பிப் பார்த்தாள். "இதென்னட்டி, முதுகுல ஓட்டை?"

"பின்னாலேருந்து வர்ற சத்தம் ரெண்டு பக்கமும் நுழைஞ்சு ஒண்ணையொண்ணு அடிச்சிரும். பின்னால நடக்கது எதுவும் கேக்காது."

"அப்ப உன்னை மாதிரிதான். அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் கேக்காது, அல்லே?"

அடுத்த வாரம் அவள் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகிறாள். அதற்குள் அவள் குரலைப் பிடித்துவைக்க வேண்டும். என் அவசரமெல்லாம் அதுதான். ஜன்னலைச் சாத்தி, அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, கையில் கிடைத்த பெட்டிச் சாமான் பட்டியலை வாசிக்கச் சொன்னேன். "தேங்காய் எண்ணெய் ரெண்டு, ஸ்வெட்டர் மூணு, நாரங்கா ஊறுகாய்..." நடுவில் அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "வாறேம்மா" என்று சொல்லிவிட்டு மேலே வாசித்தாள்.

ஹெட்போனில் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பிச் சத்தம் எங்கோ தூரத்தில். அம்மா குரல் அறவே இல்லை! அக்காதான் முகம் சுளித்தாள்.

"அடிபொளி. யாருக்கு 'வாறேம்மா'ங்கேன்? பைத்தியம் மாதிரில்லா இருக்கு."

இன்னொரு தடவை எடுக்கலாம் என்றேன். எடுக்கவில்லை.

அவள் போய் ஏழு மாதம். இப்போது அந்தப் பதிவைப் போட்டால் அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிடுகிறேன். அம்மா எதற்குக் கூப்பிட்டாள்? சாப்பிடவா, கொடியில் துணி எடுக்கவா? கேட்டால் அம்மாவுக்கும் நினைவில்லை. பதிவிலிருந்து வீட்டை வெளியே தள்ளியது நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிரித்தேன். முதுகுத் துளைகளை அடைத்தால் அதே கேப்சூல் எல்லாப் பக்கமும் கேட்கும். விசித்திரம், ஆனால் அப்படித்தான். டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டி, அக்கா விட்டுப்போன நகப்பூச்சால் விளிம்பை மூடினேன். ஹாலில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். கம்பி, குக்கர், மழை எல்லாம் பதிவில் விழுந்தன. அம்மா பழைய பழக்கத்தில், "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்கட்டி" என்றாள்.

அதையும் பழைய பதிவிலிருந்த அக்காவின் பதிலையும் கணினியில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அம்மா மழையோடும் குக்கரோடும் வீட்டுக்குள் இருந்தாள். பதிலுக்கு வீடே இல்லை.

அம்மாவின் குரலை மட்டும் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் வேலைக்குப் போகும் வழியில், போனிலேயே பேசி அனுப்பியிருந்தாள்: "வாறேம்மா." அவ்வளவுதான். பின்னால் காற்று, ஒரு பஸ் கதவு, யாரோ சிரிப்பது. சத்தத்தைக் கூட்டிவைத்து, அவளுக்குப் பின்னால் இருப்பதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.