நிரை பிடித்து நடந்தவர்கள்

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தபோதும், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பெயர்களை வாசிப்பேன், ஆளுக்கு ஒரு நிரை, வெட்ட வேண்டிய மர வரிசை, காட்டிவிடுவேன், அதோடு சரி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அப்படிப்பட்ட என்னை ஒரு பரிசோதனைக்குத் தலைவனாக்கினார்கள்.

புலாவ் செபாங்கில் எங்கள் தோட்டத்தை ஒட்டி அரசாங்கக் கிடங்கு ஒன்று உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. கம்பி வேலியும் துப்பாக்கி ஏந்திய ஜாகாக்களும்தான் தெரியும். என் மனைவியின் தம்பி அந்த ஜாகாக்களில் ஒருவன். ஒரு நேரத்துக்கு நான்கு பேர் காவல் நிற்பார்கள்.

ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட வருடம் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அப்போது கோலாலம்பூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். நம்மவர்தான். தமிழ் பேசுவார், தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. வேலிக்கு வெளியே இருந்த வெற்று நிலத்தைப் பார்த்தபடி கேமரா பொருத்தினார். அது உள்ளே அறையிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியோடு சேர்ந்திருந்தது. கம்பத்தில் ஒரு சிவப்பு விளக்கு.

"இதுக்கு மூளை இருக்குண்ணே. நாம ஒன்னும் சொல்லித்தர மாட்டோம். ஆளக் காட்டுவோம், மாட்டக் காட்டுவோம், அதுவே கத்துக்கும். ஆளுன்னா விளக்கு எரியும், மாடு நாயின்னா எரியாது. நாட்டுப் பாதுகாப்பு விசயம். சரியா பாக்குதான்னு டெஸ்ட் பண்ண எனக்கு ஆளுங்க வேணும். நீங்கதான் லீடர்."

இருபது பேரைக் கூட்டிப்போனேன். மாடுகளைத் தேட வேண்டியதில்லை, தோட்டத்து மாடுகள் அந்த நிலத்தில்தான் எப்போதும் மேயும்.

"எல்லாரும் இஷ்டம்போல நடங்க" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் அறைக்குள் போய்விட்டார்.

ஒருவரும் நகரவில்லை. இருபது பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். முப்பது வருடம் பால்மரம் வெட்டிய ஓர் அக்கா, "எங்கிட்டு நடக்கறது மண்டோரே? நிரை காட்டுங்க" என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மறுநாள் விடியும்போதே போய் முளை அடித்து, சுண்ணாம்பு பூசி, நேர்நேராக நிரை போட்டேன். ஆளுக்கு ஒரு நிரை. கோணலாகப் போனவர்களைத் திருப்பி விட்டேன். வாரக்கணக்கில் அப்படி நடந்தோம். இன்ஜினியர் திரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். முளைகள் நில அளவைக்காரர்கள் விட்டுப்போனவை என்று நினைத்திருப்பார்.

முதலில் பெட்டி உளறியது. போகப்போகத் தேறியது. கடைசியில் ஒரு தவறும் இல்லை. ஆள் வந்தால் விளக்கு, மாடு வந்தால் இருட்டு. ஒவ்வொரு நடையையும் நான் நோட்டில் தமிழில் குறித்தேன்.

மச்சினன் ஏக சந்தோஷத்தில் இருந்தான். "இது பாஸாயிட்டா மூனு பேர எடுத்துருவாங்களாம் மாமா. என்னைய மட்டும் வச்சிக்குவாங்க. பெட்டி காவல் காக்கும், நான் கால நீட்டி ஒக்காந்துக்குவேன் லா."

பெரிய அதிகாரிகள் வந்து பார்க்க இரண்டு நாள் இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை, பரிசோதனை இல்லை; நான் முளைகளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அக்கா முந்தின நாள் மறந்து வைத்துவிட்ட சாப்பாட்டுக் கேரியரை எடுக்க வந்தார். ரோட்டிலிருந்து குறுக்காக, நிலத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தார். விளக்கு எரியவில்லை.

"என்ன மண்டோரே, ஒங்க பெட்டி என்னைய மாடுன்னு நெனச்சிருச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேரியரோடு போய்விட்டார்.

நான் சிரிக்கவில்லை. என் நிரையில் நேராக நடந்தேன். விளக்கு எரிந்தது. குறுக்கே நடந்தேன். எரியவில்லை. மறுபடி, மறுபடி. மாடுகள் இஷ்டம்போல வளைந்து வளைந்து மேய்ந்தன. ஆட்கள் எல்லாரும் நேராக நடந்தோம். பெட்டி எங்கள் முகத்தையோ கைகால்களையோ படிக்கவில்லை. நான் போட்ட நிரையைத்தான் படித்திருக்கிறது. வேலி அறுக்க வருகிறவன் நிரை பிடித்தா வருவான்? அவன் வரும்போது மச்சினன் அந்த விளக்கை நம்பிக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான்.

திங்கட்கிழமை இன்ஜினியரிடம் போனேன்.

"ஐயா, பெட்டி தப்பா பாக்குது."

"எந்த டெஸ்ட்ல? நோட்டுல இருக்கா?"

"நோட்டுல இல்ல. நேத்து."

"நேத்து டெஸ்டே இல்லியேண்ணே. வெயில் லென்ஸ்ல பட்டிருக்கும். நாளைக்கு ஆபீசருங்க வராங்க, பயப்படாதீங்க லா."

வெயில் இல்லை, நான்தான் காரணம், நீங்கள் இஷ்டம்போல நடக்கச் சொன்னீர்கள், நான் முளை அடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார். நான் வெளியே வந்தேன்.

மறுநாள் காலை அதிகாரிகள் கூடாரத்தில் உட்கார்ந்தார்கள். என் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வாயால் முடியாததை நடையால் காட்டிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

"இன்னைக்கு நிரை கெடையாது" என்றேன் மெதுவாக. "குறுக்க மறுக்க நடங்க."

ஒருவரும் நகரவில்லை. முதல் நாள் பார்த்த அதே பார்வை. "மண்டோருக்கு என்னாச்சி?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வேறு வழியில்லாமல் நானே இறங்கினேன். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, அத்தனை பேரும் பார்க்க, குறுக்காக நடந்தேன். விளக்கு எரியவில்லை. கூடாரத்தில் ஒருவர் எதையோ கேட்டார். இன்ஜினியர் முகம் வெளுத்து ஓடி வந்தார்.

"என்னண்ணே வெளையாட்டு? மானத்த வாங்காதீங்க. ஒழுங்கா போய் ஒங்க எடத்துல நடங்க!"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதட்டல் காதில் விழுந்ததும் என் கால்கள் தாமாகவே நிரைக்குப் போய்விட்டன. முளையைப் பிடித்து நேராக நடந்தேன். விளக்கு எரிந்தது. எனக்குப் பின்னால் இருபது பேரும் நிம்மதியாக அவரவர் நிரையில் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் எரிந்தது. கை தட்டினார்கள்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பரிசோதனைத் தலைவர் என்ற இடத்தைக் காட்டினார் இன்ஜினியர். தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் மூன்று ஜாகாக்களை எடுத்துவிட்டார்கள். பெட்டி குறுக்கே வருபவனைப் பார்க்காது என்று மச்சினனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "பெரிய பெரிய ஆளுங்க பாத்து கை தட்டினாங்க. ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சிபோச்சா மாமா?"

அவனைக் கம்பத்தடியில் நிறுத்திவிட்டு நான் குறுக்கே நடந்து காட்டினேன். வேலியைத் தொட்டு நின்றேன். அவன் விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் விளக்கைப் பார்த்தான்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"இப்ப போயி சொல்லு" என்றேன்.

"சொன்னா பெட்டிய எடுப்பாங்களா, என்னைய எடுப்பாங்களா?" என்றான்.

அன்றே முளைகளை எல்லாம் பிடுங்கிப் போட்டேன். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் பிடுங்கினேன். அவன் இன்னும் அங்கே தனியாகத்தான் நிற்கிறான். நாற்காலி போட்டிருக்கிறார்கள். அவன் அதில் உட்காருவதில்லை.