அக்கா டைம்

அந்த லாரி ஆபீசில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கடிகாரம். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் கடிகாரம். எந்த வண்டி எந்த ஊரைத் தாண்டியது, எந்த டிரைவர் எங்கே டீ குடிக்க நிறுத்தினார், எந்தக் கிடங்கில் எத்தனை மணிக்குச் சரக்கு இறங்க வேண்டும், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். மேசையில் இரண்டு போன், எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் பதினேழு வண்டிகளின் நம்பர். பதினோரு வருடமாக ஒரே நாற்காலி. குஷன் ஒரு பக்கம் சரிந்துபோய், அவளும் ஒரு பக்கமாகச் சரிந்தே உட்காரப் பழகியிருந்தாள். புது நாற்காலி கேட்கக் கூச்சம். ஊரையே விரட்டுகிறவளுக்குத் தனக்கென்று கேட்க மட்டும் வாய் வராது.

நேர விஷயத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிடங்குக்காரர்கள் ஐந்து மணி என்றால் டிரைவரிடம் இரண்டு மணி என்பாள். அவளாகக் கண்டுபிடித்ததில்லை. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த குமாஸ்தா சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது. "டிரைவர்னா வழியில எங்கயாவது லேட் பண்ணத்தான் செய்வான்மா. மூணு மணி நேரத்தக் கையில பிடிச்சு வெச்சுக்க." முதலாளிக்கும் அது பிடித்திருந்தது. வண்டி சீக்கிரம் போனால் சீக்கிரம் காலியாகும், சீக்கிரம் காலியானால் அடுத்த சரக்கு ஏற்றலாம். வீட்டிலும் இதே கூத்துதான். பஸ் ஆறரைக்கு என்றால் ஐந்தரை என்பாள். அவள் கணவன் சிரிப்பான்: "நீ சொல்ற நேரத்துக்குக் கிளம்பினா பஸ் ஸ்டாண்டுல ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கணும்."

டிரைவர்கள் மட்டும் என்ன இளிச்சவாயர்களா? ஒரே மாதத்தில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அதற்கு 'அக்கா டைம்' என்று பேரும் வைத்துவிட்டார்கள். "அக்கா டைம்ல ரெண்டுன்னா ஊர் டைம்ல அஞ்சு. நீ நிம்மதியாப் படுத்துத் தூங்கு மாப்ள" என்று ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொள்வார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டாள். சொல்கிறவளுக்கும் பொய்யென்று தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், வண்டிகள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

தெரியாதவர் ஒரே ஒருவர். அவரை எல்லோரும் டாண் என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்ன நேரத்துக்கு டாண் என்று போய் நிற்கிறவர். ஐம்பத்திரண்டு வயது, இருபத்தாறு வருடமாக ஸ்டீயரிங் பிடித்த கை. இரண்டு மணி என்று சொன்னால் அவருக்கு அது இரண்டு மணிதான். மற்ற டிரைவர்கள் அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் நேரே ஆபீசுக்கு வந்து, "ஏம்மா தங்கச்சி, பொய்யா சொல்ற?" என்று கேட்டுவிடுவார், பிறகு எல்லோருடைய தூக்கத்துக்கும் வேட்டு என்று பயம்.

அவளும் சொல்லவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது. தன் பேச்சை அப்படியே நம்புகிற ஒரு ஆள் இருந்தால் அவரிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா? அவள் நேர்மாறாகச் செய்தாள். அவசரச் சரக்கு எது வந்தாலும் அவர் தலையில் கட்டினாள். அவர் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கப்படாதவர், அவளுக்கு அது வசதியாகப் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. எட்டு மணி நேரம் ஓட்டினால் எட்டு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்ற அரசாங்க விதி, கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரிலேயே தொங்கியது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஓய்வுத் தாள் என்று ஒரு படிவம். டிரைவர்கள் கிளம்பும்போதே வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எப்போது ஓய்வெடுத்தார்கள் என்பதை அவள் இருந்த இடத்திலிருந்தே நிரப்புவாள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். தூங்காத மனிதர்களையெல்லாம் அவள் காகிதத்தில் தூங்க வைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு டாண் ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியவரை, அங்கேயே தரை ஓடு ஏற்றச் சொல்லி இன்னும் தூரமாக அனுப்பினாள். அந்தச் சரக்கை ஓட்ட வேண்டிய ஆள் லீவு. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்தால் போதும் என்று கிடங்கில் சொன்னார்கள். அவரிடம் வழக்கம்போல இரண்டு மணி என்றாள்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் போன் செய்தார். அவராகப் போன் செய்வதே அபூர்வம்.

"தங்கச்சி, கண்ணு சொக்குது. ஒரு மணி நேரம் ஓரங்கட்டிப் படுத்துக்கட்டுமா?"

அவள் பலகையைப் பார்த்தாள். பக்கத்து போனும் அடித்துக்கொண்டிருந்தது. "ரெண்டு மணிக்குக் கதவ மூடிடுவாங்க அண்ணா. சரக்க இறக்கிட்டு நல்லாத் தூங்குங்களேன்."

"சரிம்மா. நீ சொன்னாச் சரி."

கதவு என்று ஒன்று இருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னாள். பிறகு பக்கத்து போனை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மதியம் ஒன்றேகாலுக்கு வண்டி சாலையை விட்டு இறங்கி ஒரு சிறு பாலத்தின் சுவரில் மோதியது. எதிரே யாரும் வரவில்லை, அந்த மட்டும் புண்ணியம். முன்பக்கம் உள்ளே நசுங்கியதில் டாணின் வலது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. தகவல் வந்ததும் அவள் கிடங்குக்குப் போன் போட்டாள், சரக்கு வர நேரமாகும் என்று சொல்ல.

"அதுக்கென்னங்க" என்றார் கிடங்குக்காரர். "இன்னிக்கு இறக்க இங்க ஆளே இல்ல. நாளைக்கு வந்தாப் போதும். அஞ்சு மணின்னு சும்மாத்தான் சொல்லி வெச்சோம்."

போனை வைத்துவிட்டு அவள் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது முதலாளி அவள் மேசை அருகே நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதிர்ந்து பேச மாட்டார். அவள் கணவன் வேலையில்லாமல் இருந்த காலத்தில் கேட்ட உடனே அவளுக்கு வேலை கொடுத்தவர். "ஓய்வுத் தாள் இருக்கில்லம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையசைத்தாள். "அத இன்னிக்கே முடிச்சு வெச்சிடு. லேபர் ஆபீசுல கேப்பாங்க. நாம ஓய்வு குடுத்தோம், அவர் எடுத்துக்கல. நாம என்ன பண்ண முடியும்?"

அவள் உட்கார்ந்து எழுதினாள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஓய்வு. அதே முத்து முத்தான எழுத்து. எழுதி முடித்ததும் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தத் தாள் எடுபட்டால் டாண் தன் குற்றத்தால்தான் காலை இழந்தார் என்றாகிவிடும். நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது. கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு அவன் கிண்டல் செய்யவில்லை. "உன் கைப்பட எழுதியிருக்க. வாயத் திறந்தா மாட்டிக்கப்போறது நீ மட்டுந்தான். பேசாம இரு" என்றான். அவள்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். 

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நீளமான வார்டு, ஜன்னலோரக் கட்டில். டாணின் மனைவி எழுந்து தன் ஸ்டூலை அவளுக்குத் தள்ளிக் கொடுத்தாள்.

"உக்காருங்க. உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லிட்டிருப்பாரு. எங்க பேச்சயாவது மீறுவாரு, உங்க பேச்ச மீற மாட்டாரு."

போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். டாண் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, உன் பேரக் கெடுத்துட்டேன். ரெண்டு மணிக்குப் போய்ச் சேர முடியல. நீ சொல்லியும் கண்ணு சொருகிடுச்சு பாரு."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணா."

"கதவ மூடிட்டாங்களா?"

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். வாய்வரை வந்தது. அவர் மனைவி தண்ணீர் டம்ளரோடு பக்கத்திலேயே நின்றாள். "இல்ல அண்ணா. திறந்துதான் வெச்சிருந்தாங்க."

"எனக்காகவா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாரேன், நல்ல மனுஷங்க. என் சார்பா ஒரு வார்த்த சொல்லிடும்மா."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியில் இறங்கும்போது தன்னைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாள். ஒரு பொய் அவர் காலைத் தின்றது போதாதென்று இன்னொரு பொய்க்கு அவரையே நன்றி சொல்ல வைத்துவிட்டு வருகிறாள். அன்றைக்கு அவளுக்குத் தன் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை. ஆபீசில் போன் அடித்தபோது எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வாரம் கழித்து லேபர் ஆபீசில் விசாரணை. ஒரு நீள மேசை, மேலே டக் டக்கென்று சத்தம் போடும் மின்விசிறி, மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மா. ஒரு பக்கம் முதலாளியும் வக்கீலும். மறுபக்கம் சக்கர நாற்காலியில் டாணும் அவர் மனைவியும். பின்வரிசையில் டிரைவர்கள் நாலைந்து பேர்.

டாணிடம் முதலில் கேட்டார்கள். அவர் ஒளிவுமறைவில்லாமல், "தூங்கிட்டேங்க. என் தப்புதான்" என்றார். முதலாளியின் வக்கீல் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். அவருக்கு வேலை முடிந்துவிட்டது.

அதிகாரி அம்மா ஓய்வுத் தாளைத் தூக்கிக் காட்டினார். "இத எழுதினது நீங்கதானே?"

"நான்தான் மேடம்."

"பத்துல இருந்து ஆறு வரைக்கும் அவர் ஓய்வெடுத்தாரா?"

முதலாளி அவளைப் பார்க்கவில்லை, தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"இல்ல மேடம். வண்டி ஓட்டினாரு. அது நான் சும்மா எழுதினது. எல்லாருக்குமே அப்படித்தான் எழுதுவேன்."

"சரக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேரணும்?"

"அஞ்சு மணிக்கு. அவர்கிட்ட ரெண்டுன்னு சொன்னேன். கதவ மூடிடுவாங்கன்னு நானாச் சொன்னேன். கதவும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லா டிரைவருக்கும் மூணு மணி நேரம் கம்மி பண்ணித்தான் சொல்லுவேன். இவருக்கு மட்டும் அது தெரியாது."

டாண் மெல்லப் பின்வரிசைப் பக்கம் திரும்பினார். "உங்களுக்கெல்லாம் தெரியுமாடா?" என்று கேட்டார். ஒருவனும் தலை தூக்கவில்லை.

அதிகாரி அம்மா எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, பொறுப்பு கம்பெனியுடையது, நஷ்டஈடு தந்தே ஆக வேண்டும் என்றார். பொய்த் தாள் எழுதியதற்கு அவள்மீது தனி நடவடிக்கை வரும் என்றும் சொன்னார். முதலாளி அவளைக் கடந்து போகும்போது, "நாளைல இருந்து வர வேணாம்மா" என்றார், அப்போதும் மெதுவாகவே. அவளுக்கு அது காதில் விழுந்தது, உறைக்கவில்லை.

டாணின் மனைவி ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். வராந்தாச் சுவரோரம் சக்கர நாற்காலியில் டாண் மட்டும் இருந்தார். இவள் கிட்டே போய் நின்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"பதினோரு மணிக்கு நான் போன் பண்ணப்போ," என்றார் அவர், "அஞ்சு மணின்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும் அண்ணா."

அவர் தலை குனிந்தபடி விரல் விட்டு எண்ணினார். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. குரலில் கோபமே இல்லை, சாலையில் தூரத்தைக் கணக்குப் போடுகிற மாதிரிதான் சொன்னார்.

"அப்போ மூணு மணி நேரமே தூங்கியிருக்கலாம்."