அமுக்கக் கூடாத பை

நசூனாவுக்குக் கை சும்மா இருக்காது. கம்பாலா ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து கொடுப்பவள். வருடக்கணக்கில் நோயாளிகளுக்குக் காற்றுப் பையை அமுக்கிப் பழகி, சர்ச்சில் ஜெபிக்கும்போதுகூட விரல்கள் மடங்கி மடங்கி விரியும். "உன் பக்கத்துல உக்காந்தா எங்களுக்கும் சேத்து நீயே மூச்சு விடுற" என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

அன்று வந்தவன் வஸ்வா, இரட்டையரில் மூத்தவன், ஒரு மாதக் குழந்தை. உதடு நீலம் பாரித்திருந்தது. இளையவன் கட்டோ முந்தின வாரம்தான் போயிருந்தான். இரட்டையரைப் பெற்றவளை எல்லோரும் நாலோங்கோ என்றுதான் அழைப்பார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவளிடம் பேசும்போது அவசரத்தில் நசூனாவுக்கு நாக்குத் தவறிவிட்டது.

"தம்பி எப்ப செத்தான், நாலோங்கோ?"

தாயின் முகம் இறுகியது. "இரட்டைப் பிள்ளைக்கு அந்த வார்த்தையச் சொல்வாங்களா, சிஸ்டர்? நீங்களும் இந்த மண்ணுல பொறந்தவங்கதானே? பறந்துட்டான்னு சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டு அண்ணன்கிட்ட வந்துடப் போறான்."

நசூனா பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே விரைந்தாள். வஸ்வாவின் நுரையீரலில் ஒரு மடல் காற்றை உள்ளே வாங்கும், வெளியே விடாது. வீங்கி வீங்கி இதயத்தையே ஓரமாகத் தள்ளியிருந்தது.

"நெஞ்சைத் திறக்கிற வரைக்கும் பையை அமுக்காத" என்றார் டாக்டர் கிபிரிகே. "நீ குடுக்கிற காத்தே அவனை முடிச்சிடும். தானா மூச்சு விடட்டும்."

நசூனா பையின் மேல் கையை மட்டும் வைத்திருந்தாள். பை ஒடுங்கி நிரம்பியது. அது வஸ்வாவின் மூச்சு. உடனே லேசாக இன்னொரு தடவை ஒடுங்கியது. குழந்தையின் நெஞ்சைப் பார்த்தாள். அசைவில்லை. மறுபடி வஸ்வா, மறுபடி அந்த இன்னொன்று. வஸ்வாவின் மூச்சு தேயத் தேய மற்றது வலுத்தது. விரல்கள் அமுக்கத் துடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கட்டோ, நீ பறந்துட்டன்னே சொல்றேன்" என்று முகமூடிக்குள் முணுமுணுத்தாள். "அண்ணனை விட்டுடு."

கத்தி திறந்த வழியில் அந்த மடல் புளித்த மாவு மாதிரி தானாகப் பொங்கி வெளியே வந்தது. "இப்ப அமுக்கு" என்றார் டாக்டர். அமுக்கினாள். ரத்தக் குழாய்களையும் மூச்சுக் குழாயையும் கட்டி, மடலை வெட்டித் தட்டில் வைத்தார். அப்போதும் அது காற்றிறங்கிச் சுருங்கவில்லை. பிறகு பையில் ஒரே மூச்சுதான் இருந்தது.

மறுநாள் வார்டில் நாலோங்கோ பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். "ஒருத்தன்தான் இருக்கான். யாரு, சிஸ்டர்?"

"வஸ்வாதான்."

"வஸ்வா" என்று கூப்பிட்டாள். பிள்ளை கண் திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "கட்டோ" என்றாள்.

பிள்ளை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

நசூனாவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.