ஆண்கள் மட்டும் உள்ள குட்டை

காலை ஆறரை மணி, ஐயாயிரம் குஞ்சுகள், கருமத்தம்பட்டி பழனிசாமி. மதுக்கரைக்குப் பக்கத்தில் ஆண் ஜிலேபி மீன் குஞ்சு மட்டும் விற்பது என் தொழில். அவருக்குப் பிறகு எந்த வாடிக்கையாளரைப் பற்றியும் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. எதையாவது உத்தரவாதத்தோடு விற்று அனுபவப்பட்டவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

இன்னொரு ஒய்

பெண் ஜிலேபி மூன்று, நான்கு மாதத்திலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும். முட்டையை வாயில் வைத்துக் காப்பதால் அது சரியாகத் தீனி எடுக்காது, வளராது. பெருகும் குஞ்சுகள் மற்ற மீன்களின் தீனியையும் தின்றுவிடும். கடைசியில் குட்டை நிறையத் தீப்பெட்டி அளவு மீன்தான் மிஞ்சும். அதனால்தான் ஆண் மட்டும்.

பழனிசாமி தன் விசைத்தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுக் குட்டை வெட்டியவர். மகன் செந்திலுக்கு முப்பத்தாறு வயது. தறிக்காரனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை, மீன் பண்ணை முதலாளி என்றால் பாலக்காட்டுப் பக்கம் ஓர் இடம் யோசிக்கிறார்கள் என்று அவரே சொன்னார். எல்லாம் ஆண்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு எக்ஸ் ஒய், என் பண்ணையின் தகப்பன் மீன்களுக்கு மட்டும் இரண்டுமே ஒய், எந்தப் பெண்ணோடு விட்டாலும் ஏறக்குறைய எல்லாம் ஆண் குஞ்சுதான் என்றேன். ஒரு ஒய்யை அப்பன் கொடுத்தான், இன்னொன்றை எந்தத் தாய் கொடுத்தாள் என்று மடக்கினார். ஆணாகப் பிறக்க வேண்டிய குஞ்சுக்கு ஆரம்பத்திலேயே ஹார்மோன் தீனி போட்டால் பெண்ணாகி முட்டையிடும், அந்தத் தாய் கொடுத்தது என்றேன். வண்டியில் உட்கார்ந்திருந்த மனைவி சரஸ்வதியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, இதை எங்கூட்டுக்காரி காதுல மட்டும் போட்டுப்போடாதீங்க. பையனுக்கு எந்தச் சாமிய வேண்டறதுன்னு தெரியாம அவ ஏற்கெனவே கொழம்பிக் கெடக்கறா."

நூற்றுக்கு நூறு

நூறு சதவீதம் ஆண் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. இந்த விஷயத்தில் வேறு சில மரபணுக்களும் மூக்கை நுழைக்கும். குஞ்சுப் பருவத்தில் தண்ணீரின் சூடும் நுழைக்கும். சூடு அதிகமானால் எக்ஸ் எக்ஸ் குஞ்சே ஆணாகிவிடுவதுண்டு. ஒன்றிரண்டு பெண்ணாகவும் தப்பி வரும் என்பதைச் சொல்லித்தான் விற்பேன். விளைந்த மீனைக் குட்டையிலேயே வந்து எடுத்துக்கொள்ளும் உக்கடம் வியாபாரி சலீம் பாய்க்கு இந்த நேர்மை பிடிக்காது.

"நூறு சதம்னே போர்டு வைங்ணா. வாலைத் தூக்கி யாரு பாக்கப் போறாங்க?"

குட்டையில் கூட்டம்

மாசியில் பழனிசாமி போன் செய்தார். குட்டையில் பொடிக் குஞ்சுகள் மொய்க்கின்றன, பங்குனியில் பெண் வீட்டார் பண்ணையைப் பார்க்க வருகிறார்கள், என்ன பதில் சொல்கிறீர்கள் என்றார். மரியாதை குறையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நான் போனபோது சலீம் பாய் வலை வீசி இழுத்துக்கொண்டிருந்தார். வலையில் முக்கால்வாசி விரல் நீள மீன்.

"ஆம்பளைகளை மட்டும் வித்தேன்னு சொன்னீங்க. இங்க பால்வாடியே நடக்குதுங்ணா."

துணை

வாலைத் தூக்கிப் பார்க்கும் வேலை எனக்கே வந்தது. பெரிய மீன்களை வயிற்றுப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். என் மீன்கள் வெளுப்பு, எல்லாம் ஆண். நடுவே கருத்த, மெலிந்த சில பெண் மீன்கள். அவை குளத்து மீன்கள். குட்டைக்கு விடும் ஆழ்குழாய்த் தண்ணீரில் அவை வர வழியில்லை. சரஸ்வதி காபி கொண்டு வந்தார். இவை எப்படி வந்தன என்று பொதுவாகக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. சிங்காநல்லூர்க் குளத்தருகே உயிரோடு விற்ற மீனில், வாயில் முட்டை வைத்திருந்தவற்றைப் பார்த்துப் பொறுக்கி வாங்கி, யாருக்கும் தெரியாமல் விட்டிருக்கிறார். பழனிசாமி தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். சரஸ்வதி என் பக்கம் திரும்பினார்.

"அத்தனை பேரும் ஆம்பளைன்னு நீங்கதானுங்க தம்பி சொன்னீங்க. ஊட்டுக்குள்ள ஒருத்தன் அப்படி நிக்கறதைப் பாக்கறதே சகிக்கலை, குட்டையிலயும் ஐயாயிரம் பேரா?"

பெண் வீட்டார்

பங்குனிக்குள் குட்டையை வடித்துச் சுத்தம் செய்ய முடியவில்லை. பாலக்காட்டிலிருந்து பெண்ணின் மாமா வந்தார். என் உத்தரவாதத்துக்குச் சாட்சியாக என்னையும் நிற்க வைத்திருந்தார்கள். மாமா மீன் தின்று வளர்ந்தவர். சரஸ்வதி கை நிறையத் தீனியை வீச, தண்ணீர் கொதிப்பதுபோல் பொடி மீன்கள் எழும்பின. மாமா குனிந்து பார்த்தார்.

"எண்ணம் உண்டு. வளர்ச்சி இல்லல்லோ."

மலையாளத்தில் எண்ணம் என்றால் எண்ணிக்கை. காபியைக் குடித்தார், சொல்லி அனுப்புவதாகச் சொன்னார், போய்விட்டார். சொல்லி அனுப்பவில்லை. அன்று மாமா கிளம்பியதும் செந்தில் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னான்.

"ஆணா மட்டும் பொறக்க வைக்க நீங்க இத்தனை பாடுபடறீங்க. எங்க பக்கம் முப்பது வருசத்துக்கு முன்னாடியே ஸ்கேன்ல பாத்தே முடிச்சுப்போட்டாங்க சார்."

கடந்த ஆவணியில் பழனிசாமி குட்டையை வடித்துப் புதுக் குஞ்சு விட்டு, சுற்றி வேலி கட்டி, பெண் மீன் ஒன்றுகூட உள்ளே போகாமல் காவல் காக்கும் பொறுப்பைச் செந்திலிடம் ஒப்படைத்தார். அவனுக்குப் பெண் பார்க்கும் வேலை இன்னும் முடியவில்லை.