வாடை என்ற ஒரு சொல்

ராயபுரத்தில் ரயில்வே தொழிலாளி வீட்டில் மூத்த பிள்ளையாய்ப் பிறந்து, கடலைப் படித்து, அந்தக் கடலுக்காகவே அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி, போன வைகாசியில் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்த எங்கள் அப்பாவுக்காக இந்த நினைவு மலர். "நல்லதை மட்டும் எழுதும்மா" என்றார் அத்தை. அப்பா கேட்டிருந்தால், பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையை எடுத்து நீட்டியிருப்பார். ஆகவே அவர் செய்த தவற்றையும் எழுதுகிறேன்.

தாத்தா வேலையில் கால் இழந்த பிறகு, ட்யூஷன் எடுத்தே அப்பா விலங்கியல் படித்தார். மீன்வள ஆய்வு வேலை கிடைத்ததும் தண்ணீர் பிடிக்கும் சீசாக்களோடு பஸ் ஏறி எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போவார். காற்றுக்கு மீனவர்கள் வைத்திருந்த பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதியிருந்தார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அறுபதுகளின் கடைசியில், அங்கிருந்த ஓர் ஆலை இன்னும் பெரிய கழிவுக் குழாய் போட அனுமதி கேட்டது. அறிக்கை எழுத அப்பாவை அனுப்பினார்கள். கார்த்திகை மாதம். அப்பாவின் சிநேகிதரான மீனவர் சூசை மாமா சொன்னார்: "வாடை அடிக்குது சார். மீனு அல்லாம் ஓடிப்போச்சு."

அப்பாவுக்கு வாடை என்றால் வடக்கத்திக் காற்று. அதுதான் நோட்டில் இருந்தது. மழைவெள்ளம் கலந்த தண்ணீரில் சீசாவும் ஒன்றும் காட்டவில்லை. ஜலதோஷத்தில் மூக்கும் அடைத்திருந்தது. "வாடைக் காற்றால் மீன்வரத்துக் குறைவு. பருவம் மாறினால் சரியாகும்" என்று எழுதினார். அந்த ஒரு வரியை வைத்து அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

சித்திரையில் மறுபடி போனபோது மடவை மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

"அப்பவே சொன்னேனே சார், வாடைன்னு."

"இப்ப தெக்கத்திக் காத்துல்ல வீசுது, சூசை?"

"காத்தா? இன்னா சார் நீ! நாத்தத்த சொன்னேன்!"

"என் அறிக்கை தவறு, அனுமதியை ரத்து செய்யுங்கள்" என்று அப்பா எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. "ஃபைல் மூடியாச்சு. உங்க சோத்துல நீங்களே மண்ணைப் போட்டுக்காதீங்க" என்றார் மேலதிகாரி. அப்பா கேட்கவில்லை; பதவி உயர்வும் வரவில்லை. அந்த நாற்றத்தை நாமும் முகர வேண்டும் என்று குடும்பத்தையே எண்ணூரில், குழாய்க்கு வடக்கே குடிவைத்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

பிறகு கடலில் கழிவு விடுவதற்கு விதிகள் எழுத ஒரு குழு கூடியபோது அப்பாவையும் அழைத்தார்கள். மீனவர் சொல்லும் குறையை அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதி, அர்த்தத்தைக் கேட்டு, அவருக்கே படித்துக் காட்ட வேண்டும் என்ற வாக்கியத்தைச் சண்டை போட்டுச் சேர்த்தார். அந்த விதி இருக்கிறது. குழாயும் இருக்கிறது.

கடைசி நாட்களில் அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. பார்க்க வந்த சூசை மாமாவிடம், "வாடை போச்சா?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். "போயே போச்சு சார்" என்றார்.

அப்பா சிரித்தார். "எட்டாம் கட்டளை, சூசை."

மறுநாள் காலை போய்விட்டார்.

இரவுபகல் பார்க்காமல் கவனித்த நர்ஸ் அக்காமார்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், பெட்டியை யாருக்கும் கொடுக்காமல் கல்லறைவரை தாங்களே சுமந்த குப்பத்து மக்களுக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள். நாங்கள் நேரில் வந்து கைகூப்ப முடியாமற்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

இதை எழுதுவதற்காக அதே எண்ணூர் வீட்டின் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். மாதம் வைகாசி. தெற்கேயிருந்துதான் காற்று. வாடை அடிக்கிறது, அப்பா.